மரை வெட்டிய சொம்பு

"ஏ கலை! கதவைத் தெறடி!"

நாத்தனார் அழகம்மாள் சமையலறைக் கதவைக் குத்திக்கொண்டிருந்தாள். உள்ளே கலைமதி தொட்டியடியில் குந்தி, ஒரு சொம்பைச் சாம்பல் தொட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பக்கத்துக் கரி போயாக வேண்டும். கழுத்து பளபளக்க வேண்டும். விளிம்பைச் சுற்றி ஓடிய மெல்லிய திருகு மரைக்குள் புளிநார் ஒட்டியிருந்தது. அதையும் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"வேன் வந்துருச்சு. ரெண்டு பொம்பளைங்க எறங்கி நிக்கிறாங்க. நீயா வந்தா நடந்து போகலாம். இல்லேன்னா கைகாலைக் கட்டித் தூக்கிட்டுப் போவாங்க. ஒன் இஷ்டம்!"

"வாரேன் மதினி. பாத்திரம் கழுவுறேன்."

"பைத்தியத்துக்குப் பாத்திரம் ஒரு கேடு! கெமிஸ்ட்ரி படிச்ச புள்ளைன்னு தேடிப் புடிச்சுக் கட்டி வச்சோம். பால் பொங்கி வழியிறதுகூடத் தெரியாம வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்குது!"

சொம்பைத் துடைத்து முந்தானைக்குள் மறைத்தாள் கலைமதி. கூரை எரவாணத்தில் செருகியிருந்த சின்னத் துணிமூட்டையை உருவி இடுப்பில் சொருகிக்கொண்டாள். முன்கதவுப் பக்கம் போகவில்லை. கொல்லைக் கதவைத் திறந்து, கிணற்றடி வழியாக ஓடினாள்.

வாசலில் நின்ற வேன் ஒரு காப்பகத்தின் வேன். திருச்சி போகும் வழியில் இருக்கிறது அந்த இடம். உள்ளே போனவர்களை, கொண்டுபோய் விட்டவர்கள்தான் வந்து அழைத்துக்கொள்ள வேண்டும். கொண்டுபோய் விடப்போகிறவன் அவள் புருஷன் நிலவழகன். அவன் ஒருநாளும் வரமாட்டான். திருவரங்குளத்துக்கும் ஆலங்குடிக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பெரிய வீடும், பின்னால் விரியும் முந்திரிக் காடும் கலைமதிக்கு அவள் அப்பா விட்டுப்போனவை. அவளுக்குப் புத்தி சரியில்லை என்று ஆகிவிட்டால் எல்லாம் புருஷன் கைக்குப் போகும். கத்தாரிலிருந்து திரும்பி வந்தவன், அவளைக் கேட்காமலேயே வீட்டைப் பாரம்பரிய விடுதியாக மாற்றி முடித்துவிட்டான். மிச்சம் இருந்த ஒரே இடைஞ்சல் அவள்.

இன்று அந்த வேனில் ஏறினால் அதோடு முடிந்தது. அவளுக்கு அது தெரியும்.

சுற்றிக்கொண்டு அவள் நுழைந்த முற்றத்தில் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. எல்லோர் கண்ணும் வாசலில் வந்து இறங்கிய சுடர்விழி மேல் இருந்தது. பழைய வீட்டுச் சாமான்களைப் பார்த்து, இது என்ன, எதற்குப் புழங்கியது என்று காணொளியில் பிட்டுப்பிட்டு வைக்கிறவள். செல்போன் வைத்திருக்கும் ஊருக்கெல்லாம் அவளைத் தெரியும். அறிவுக்காகப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர். வீட்டுக்காரர்களை அவள் மானத்தை வாங்குகிற அழகுக்காகப் பார்க்கிறவர்கள் மிச்சம் பேர். இன்றைய விடுதித் திறப்பு விழாவுக்கு விளம்பரம் ஆகட்டும் என்று நிலவழகன்தான் அவளை வரவழைத்திருந்தான்.

தரையில் விரித்த வெள்ளைத் துணியில் பித்தளையும் செம்பும் மரமுமாகச் சாமான்கள் வரிசையாக நின்றன. கலைமதி தூணோரம் நழுவி வந்து, கடைசிப் பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் சொம்பை வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் அழகம்மாள் வந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கொல்லை வழியா ஓடுறியா? எங்கடி ஓடுவ?"

"ஓடல மதினி. இங்கதான வந்தேன்."

வேனோடு வந்த பெண்கள் இருவரும் நெருங்கினார்கள். கலைமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச மாதங்களாகவே அவள் அப்படித்தான். யார் வந்தாலும் வாயை மூடிக்கொள்வாள். பைத்தியத்துக்கு அதுவும் ஒரு அடையாளம் என்று ஊரில் பேச்சு.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் அண்ணன் சிவபிரகாஷ் எழுந்து வந்தான். ஆலங்குடியில் முந்திரிக்கொட்டை வியாபாரம். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"கலை, ஒன் நல்லதுக்குத்தான். மாப்ள எவ்வளவு பாத்துட்டாரு. கொஞ்ச நாள் இருந்துட்டு வா."

"போறேன் அண்ணே. மாட்டேன்னு சொன்னேனா? இந்தம்மா பேசி முடிக்கட்டும். எல்லாம் நம்ம வீட்டுச் சாமான். ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறேன்."

சிவபிரகாஷ் மச்சினனைப் பார்த்தான். சுடர்விழியின் கேமராக்காரன் வசந்த் ஏற்கெனவே நேரலையைத் திறந்துவிட்டிருந்தான். ஊர் பார்க்கும்போது நல்ல புருஷனாக இருப்பது நிலவழகனுக்குப் பிடிக்கும்.

"இருக்கட்டும் மச்சான். பாவம். கடைசியா... நல்லா பாத்துக்கட்டும்." சரிகை வேட்டி சரசரக்க அவன் சுடர்விழியின் பக்கம் திரும்பினான். "மேடம், முடிச்சுட்டு சாப்பிட்டுத்தான் போகணும். வெரால் மீன் கொழம்பு. இவளுக்குப் புத்தி போச்சே தவிர கை போகல. இப்பல்லாம் கொழம்புல புளியே இனிக்குதுன்னா பாருங்களேன்!"

"நான் சைவம் சார்."

"மச்சானும் மாலை. அக்கா கேக்கவே வேணாம், ஆலங்குடியிலேருந்து டப்பாவுல கட்டிட்டு வந்துரும்."

"பின்ன? பைத்தியம் ஆக்குனதைத் திங்க எனக்கென்ன தலையெழுத்தா?" என்றாள் அழகம்மாள்.

"அப்ப எல்லாம் எனக்குத்தான்!" நிலவழகன் வயிற்றைத் தடவிக்கொண்டான். தடவிய கையை அப்படியே அழுத்திப் பிடித்தான். ஒரு நொடி முகம் சுருங்கி விரிந்தது. "கேஸு. கத்தார்ல கண்டதைத் தின்ன வயிறு. ஆரம்பிங்க மேடம்."

சுடர்விழி வாசலில் இருந்தே ஆரம்பித்தாள்.

நுழைவாயிலில், அகன்ற வாயும் ஒடுங்கிய இடுப்புமாக ஒரு பித்தளைப் பாத்திரம் நின்றது. அதில் தண்ணீர் நிரப்பி ரோஜா இதழ் மிதக்கவிட்டிருந்தான் நிலவழகன். காலையில் வந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் அதிலிருந்து பன்னீர் தெளித்து வரவேற்பு நடந்திருந்தது.

"இது என்ன சார்?"

"பூக்கிண்ணம். ராஜா காலத்துது. அரண்மனையில பூவைத் தண்ணியில போட்டு..."

"இது படிக்கம்."

"அப்படின்னா?"

"வெத்தலை போட்டுட்டு துப்புறது. சளி வந்தாலும் இதுலதான் துப்புவாங்க. வாய் ஏன் இவ்வளவு அகலம்னு நெனைச்சீங்க? பூவுக்கா? கிழவங்களுக்குக் குறி தப்பக் கூடாதுன்னு. இந்தத் தண்ணியைத்தான் காலையிலேருந்து எல்லார் தலையிலயும் தெளிச்சீங்களா?"

முற்றம் வெடித்துச் சிரித்தது. காலையில் முதலில் பன்னீர் வாங்கிய ஊர்ப் பெரியவர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே வெளியேறினார். நிலவழகனின் காது சிவந்தது. படிக்கத்தை எட்டித் தூக்கினான். அது விரலிடுக்கிலிருந்து நழுவி, அவன் வேட்டி மேலேயே கவிழ்ந்தது.

"எவன்டா இதுல எண்ணெய் தடவுனது?" என்று கத்தினான். யாரும் தடவியிருக்கவில்லை.

"இந்தக் கோவம் எல்லாம் லைவ்ல போகுது சார்," என்றாள் சுடர்விழி, ரொம்ப அன்பாக.

அடுத்தது ஒரு சின்னப் பித்தளைச் சாமான். கைக்குள் அடங்கும் வயிறு, நீண்ட மூக்கு. மூக்கில் திரி போட்டு எரியவிட்டிருந்தான்.

"இது வெளக்குன்னு சொல்லப் போறீங்க. இல்ல. பாலாடை. பச்சப்புள்ளைக்குப் பால் புகட்டுறது. இந்த மூக்கைக் கடைவாயில வச்சு லேசாச் சாய்ச்சா, புரை ஏறாம எறங்கும். ஏங்க, இதுல கடைசியா யாரு குடிச்சது?"

"நானும் தங்கச்சியும் இதுலதான் குடிச்சோம்னு ஆத்தா சொல்லும்," என்றான் சிவபிரகாஷ்.

"அதுக்கப்பறம் இந்த வீட்டுல அதுக்கு வேலை இல்லாமப் போச்சு," என்றான் நிலவழகன், வேட்டியைப் பிழிந்துகொண்டே. தன்னைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தை வேறு பக்கம் திருப்ப அவனுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. "மலடி வீடு. சும்மா கெடக்குறதுக்கு வெளக்காவாச்சும் எரியட்டும்னுதான் மேடம் திரி போட்டேன்."

அழகம்மாள் மட்டும் சிரித்தாள். சுடர்விழி குனிந்து திரியை ஊதி அணைத்தாள். கலைமதி முந்தானைக்கு மேலே தெரிந்த கண்களால் அணைந்த புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்திரி எண்ணெய் வாசமடித்த மரக்கால், முறுக்கு நாழி என்று வரிசை நகர்ந்தது. சாவிக்கொத்தில் கோத்துத் தொங்கவிட்டிருந்த இரண்டு கறுத்த குண்டுகளைச் சுடர்விழி கையில் எடுத்தாள்.

"சாவி தொலையாம இருக்கக் கனத்துக்குப் போட்டேன்," என்றான் நிலவழகன். குரலில் இப்போது ஜாக்கிரதை.

"குணுக்கு சார் இது. பொம்பளைப்புள்ளைக்குக் காது குத்துன புண்ணு ஆறுனதும் இதைத் தொங்கவிடுவாங்க. கனம் கீழ இழுக்க இழுக்க, ஓட்டை பெருசாகும். புள்ளை ராத்திரி பூரா அழும். அழுதாலும் கழட்ட மாட்டாங்க. காது தோளைத் தொட்டாத்தான் தண்டட்டி மாட்ட முடியும், தண்டட்டி மாட்டினாத்தான் கல்யாணம். சரி, இது எந்த உலோகம்?"

"இரும்பு?"

"வசந்த், கிட்ட வா." அவள் ஒரு வெள்ளை அட்டையை எடுத்துக் குணுக்கை அதில் இழுத்தாள். பென்சிலால் போட்டதுபோலச் சாம்பல் கோடு விழுந்தது. "காரீயம். காரீயம் எழுதும். வெள்ளீயம் எழுதாது. இன்னொண்ணு, வெள்ளீயத்தை வளைச்சா கிறீச்சுன்னு அழும். காரீயம் ஊமை. எவ்வளவு வளைச்சாலும் சத்தமே வராது. காதுல போடுறவரைக்கும் ஒண்ணும் செய்யாது. வாயில போனாத்தான் வெஷம்."

அவள் அடுத்த சாமானுக்கு நகர்ந்தாள். நிலவழகனின் பார்வை அவளுக்கு முன்னால் ஓடியது. பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சொம்பைப் பார்த்தது.

"ஏய், அது யாரு இங்க வச்சது? அது அடுப்படிச் சாமான். எடுங்க அங்கிட்டு!"

பாய்ந்து வந்து சொம்பின் கழுத்தைப் பிடித்தான். கை மணிக்கட்டில் மடங்கியது. சொம்பு விழுந்து உருண்டு சுடர்விழியின் காலடியில் நின்றது. பித்தளை விழுந்தால் வீடே அதிரும். இது தொப்பென்று விழுந்தது. மண்சுவரில் சாணி உருண்டை விழுந்ததுபோல.

சுடர்விழியின் புருவம் உயர்ந்தது.

"சத்தமே இல்லையே. இது என்ன?"

"ஈயச்சொம்புங்க," என்றாள் கலைமதி. அத்தனை பேருக்கும் கேட்கும்படி, நிதானமாக. "ரசம் வைக்கிறது. இவங்க ஆசையா வாங்கியாந்தாங்க. ஈயச்சொம்புல வச்ச ரசம் ஒடம்புக்கு நல்லதுன்னு. எனக்கு மட்டும் தனியா தெனமும் இதுலதான் ரசம் வைக்கணும்னு சொன்னாங்க."

"உங்களுக்கு மட்டுமா?"

"எனக்கு ரசம் ஆகாது," என்றான் நிலவழகன் அவசரமாக. "மேடம், அது விடுங்க. பைத்தியம் எதையாவது கொண்டாந்து வைக்கும். அந்தப் பாக்குவெட்டியைப் பாருங்க, பொம்பளை உருவம் போட்டது..."

"எடுத்துட்டேன்ல, பாத்துடுறேன்." சுடர்விழி சொம்பைக் கையில் ஏந்தினாள். கனம் அவள் தோளை இறக்கியது. வாய்ப்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "வசந்த், இங்க காட்டு. வெள்ளீயத்துல செய்யுற ரசச்சொம்பு விளிம்பு எப்படி இருக்கும்? மழமழன்னு வெளிப்பக்கம் மடிஞ்சிருக்கும். சாய்ச்சு ஊத்தணும்ல. இதுல மரை வெட்டியிருக்கு பாருங்க. திருகு மூடி போடுறதுக்கு. ரசத்துக்கு எதுக்குத் திருகு மூடி?"

அவள் விளிம்பைக் காதோரம் வைத்துப் பெருவிரலால் அழுத்தினாள். விளிம்பு வளைந்தது. சத்தம் வரவில்லை. அட்டையை எடுத்துச் சொம்பின் அடியால் ஒரு கோடு இழுத்தாள்.

குணுக்குக் கோட்டுக்குப் பக்கத்தில் அதே நிறத்தில் இன்னொரு கோடு.

"இது ஈயச்சொம்பு இல்ல," என்றாள் சுடர்விழி. வழக்கமான கேலி குரலில் இல்லை. "சமையல் சாமானே இல்ல. வேட்டைக்குப் போற குடும்பத்துல இருந்திருக்கும். துப்பாக்கி மருந்து நமுத்துப் போகாம இருக்க, இதுல போட்டுத் திருகி மூடி வைப்பாங்க. முழுக்கக் காரீயம். இதோட மூடி எங்க?"

"வாங்குனப்பவே கெடையாது," என்றான் நிலவழகன்.

"இருந்துச்சுங்க."

கலைமதி இடுப்பிலிருந்து துணிமூட்டையை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே வட்டமாக ஒரு கறுத்த மூடி. "பரண்ல, இவங்க கத்தார் பெட்டிக்குள்ள, பனியனுக்குள்ள சுத்தி வச்சிருந்தாங்க."

சுடர்விழி மூடியை வாங்கிச் சொம்பின் மேல் வைத்துத் திருகினாள். மரையில் மரை உட்கார்ந்து, வழுக்கிக்கொண்டு இறங்கியது.

சிவபிரகாஷ் முன்னால் வந்தான். "மாப்ள. மூடியை எதுக்கு ஒளிச்சு வச்சீங்க?"

"எனக்கென்ன மச்சான் தெரியும்? கடைக்காரன் ஈயம்னு சொன்னான். நானும் ஏமாந்துட்டேன். மூடி அழுக்கா இருந்துச்சு, கழட்டி வச்சேன். அதுக்கு என்ன இப்ப?"

சிவபிரகாஷ் சுடர்விழியின் பக்கம் திரும்பினான். "மேடம், இதுல ரசம் வச்சுக் குடிச்சா என்ன ஆகும்?"

சுடர்விழி கேமராவைப் பார்க்கவில்லை. கலைமதியைப் பார்த்தாள்.

"புளி பட்டாலே காரீயம் கரையும். கொஞ்சம் கொஞ்சமா ஒடம்புல ஏறும். வயித்தைப் புடிச்சு முறுக்கும். கை மணிக்கட்டு தொங்கிப் போகும், சாமான் பிடிக்க முடியாது. மறதி வரும். காரணம் இல்லாமக் கோவம் வரும். பல்லு ஈறுல நீலக்கறுப்பா ஒரு கோடு விழும். பாக்குறவங்க... பாக்குறவங்க பைத்தியம்னு சொல்லுவாங்க."

வேனோடு வந்த பெண்களில் ஒருத்தி கலைமதியை விட்டு ஓரடி விலகி நின்றாள்.

தை மாதத்தில் கலைமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்ததைச் சிவபிரகாஷ் பார்த்திருக்கிறான். புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனைக்கும் இன்னொரு மருத்துவமனைக்கும் அலைந்திருக்கிறான். ஒன்றும் இல்லை, மனசுதான் காரணம் என்று மாப்பிள்ளை சொன்னதை நம்பி, இந்த வேனுக்குத் தலையாட்டியிருக்கிறான்.

"கலை," என்றான். "கலை, துணியை எடு. வாயைத் தெற."

அவள் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"எடு ஆத்தா, தெறயேன்! அண்ணன் கேக்குறேன்ல!"

கலைமதி முந்தானையை மெதுவாக இறக்கினாள். உதட்டை விரித்தாள். வசந்த் கேமராவோடு நெருங்கி வந்தான். சுடர்விழி குனிந்து பார்த்தாள். இன்னும் குனிந்தாள்.

ஈறு ரோஜா நிறத்தில் இருந்தது. ஒரு கோடும் இல்லை.

அண்ணன் முகத்தில் நிம்மதியும் குழப்பமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அழகம்மாளுக்குத்தான் முதலில் குரல் திரும்பியது.

"பாத்துக்க! நாடகக்காரி! என் தம்பியை வெஷம் வச்சவன்னு உலகத்துக்கே காட்டப் பாத்தா பாரு! ஏம்மா, நிக்கிறீங்களே, வண்டியில ஏத்துங்க!"

நிலவழகன் மூச்சை இழுத்து விட்டான். பயந்த மனிதனுக்குப் பயம் போனதும் வரும் சிரிப்பு அவனுக்கு வந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் கொள்ளாமல் சிரித்தான்.

"பாத்தீங்களா மேடம்! பாத்தீங்களா மச்சான்! கோடாம், கறுப்பாம்! எங்க கோடு? என்னைக் கொலைகாரனாக்க வந்துட்டா! ஹா..."

"சார்," என்றாள் சுடர்விழி. "சிரிப்பை நிறுத்தாதீங்க."

"என்ன?"

"அப்படியே இருங்க. வாயை மூடாதீங்க. வசந்த், வா இங்கிட்டு. இவர் பல்லைக் காட்டு."

கேமராவின் சின்னத் திரையில் நிலவழகனின் வாய் பெரிதாக விரிந்தது. மேல்வரிசைப் பல்லும் ஈறும் சேரும் இடத்தில், மை தொட்டு இழுத்ததுபோல, நீலக்கறுப்பாக ஒரு கோடு. ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்வரை.

வசந்த் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினான். நிலவழகன் பார்த்தான். பெருவிரலால் ஈறைத் தேய்த்தான். விரலைப் பார்த்தான். திரும்பவும் தேய்த்தான். அப்போதுதான் தன் கை தொங்கிக்கொண்டு ஆடுவதையும் பார்த்தான். வேட்டியெல்லாம் ஈரமாக நின்ற அவனுக்கு, காலையிலிருந்து நழுவிய ஒவ்வொரு சாமானும், வயிற்றில் முறுக்கிய ஒவ்வொரு முறுக்கும் ஒன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இல்ல. இருக்காது. எப்படி? நான் அதுல ஒரு சொட்டு வாயில வச்சதில்லையே! அதைத் தொட்டுச் சமைச்ச எதையும் நான் தின்னவே மாட்டேனே!"

கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அந்த வார்த்தை போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் ஆனது.

"ஏன் மாப்ள?" என்றான் சிவபிரகாஷ்.

"என்ன ஏன்?"

"நல்ல ஈயம்னு நெனச்சுத்தான வாங்குனீங்க? ஒடம்புக்கு நல்லதுன்னுதான என் தங்கச்சிக்குத் தனியா வைக்கச் சொன்னீங்க? அப்பறம் நீங்க ஏன் அதுல ஒரு சொட்டு வாயில வைக்க மாட்டீங்க?"

நிலவழகன் வாயைத் திறந்தான். கோடு தெரிந்தது. மூடிக்கொண்டான்.

சிவபிரகாஷ் அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். மாலை போட்ட கை. அடிக்க ஓங்கி, அடிக்காமல் இறக்கினான். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க. உசுரோட வாங்க. ஸ்டேஷன்ல உக்காந்து பேசுவோம்." செல்போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனான். அழகம்மாள் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

வந்த வேன் வெறுமனே திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, அந்த இரண்டு பெண்களும் நிலவழகனை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கூட்டிப்போனார்கள். கலைமதிக்காக விரித்து வைத்திருந்த படுக்கையில் அவனைப் படுக்க வைத்து, கலைமதிக்காகக் கொண்டுவந்திருந்த பட்டையை அவன் நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டினார்கள். வயிற்றுப் பிடிப்பில் அவன் முழங்காலை மடக்கிக்கொண்டு முனகினான்.

"நான் ஒரு வார்த்தை பேசிக்கட்டுமா?" என்றாள் கலைமதி.

பெண்கள் விலகி நின்றார்கள். புருஷன் பெண்டாட்டி. அவ்வளவு நடந்த பிறகும் ஒரு பெண் துண்டை நனைத்து எடுத்துக்கொண்டு வருகிறாளே என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கலைமதி வேனுக்குள் குனிந்து, ஈரத்துண்டால் அவன் நெற்றியை ஒற்றினாள். முந்தானை தோளில் கிடந்தது. வாயை மூட இனி அவளுக்குத் தேவை இல்லை.

"நீயா?" அவன் கிசுகிசுத்தான். "எப்படிடி? ரசம் நான் தொட்டதே இல்ல. எப்படி?"

"கத்திக் கேளுங்களேன். எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

அவன் கத்தவில்லை. அவள் வைத்தாள் என்று சொன்னால், அது விஷம் என்று அவனுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அவன் கண் மட்டும் அவள் முகத்தில் அங்கும் இங்கும் ஓடியது.

"பங்குனியில ஒரு நாள் சொம்பைக் கழுவி வச்சேன். சிமெண்டுத் தரையில கோடு விழுந்துச்சு. நான் கெமிஸ்ட்ரி படிச்சவளுங்க, அது போதும் எனக்கு. அன்னையிலேருந்து என் ரசம் வாழைக்குத்தான் போச்சு. அந்த வாழைகூடப் பட்டுப்போச்சு, நீங்க கவனிக்கல." துண்டை மடித்து அவன் தலைக்கடியில் வைத்தாள். "மெல்லப் போகட்டும்னு நெனச்சேன். நீங்கதான் அவசரப்பட்டு வேனைக் கூப்பிட்டுட்டீங்க."

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். கலைமதி இறங்கினாள். கதவைச் சாத்துவதற்கு முன், ஏதோ மறந்துபோனதைச் சொல்லுகிறவள் மாதிரி, மறுபடி உள்ளே குனிந்தாள்.

"ரசத்தைத்தான் பாத்தீங்க. புளி இனிக்குது, புளி இனிக்குதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, ஒங்க மீன் கொழம்புக்குப் புளி எதுல ஊறுதுன்னு ஒரு நாளாச்சும் அடுப்படிக்குள்ள வந்து பாத்தீங்களா? சித்திரையிலேருந்து அந்தச் சொம்புலதாங்க ஊறுது."